திருகையின் பேரன்

அடுப்படி இயந்திரங்கள் – 11

கோவையை அடுத்த கருமத்தம்பட்டிப் பக்கம் மாவு மில்லில் சம்படத்தை நீட்டினால் மில்காரர் முதலில் கேட்பது பதத்தைத்தான். “மாவாங்க, ரவையாங்க?” கம்பு என்றால் சோற்றுக்கா கூழுக்கா என்றும் கேட்பார். பதில் வந்ததும் அவர் கை தானாக மெஷினின் பக்கவாட்டில் இருக்கும் கைச்சக்கரத்துக்குப் போகும். அரைச் சுற்று இறுக்குவார். முதலில் விழுவதில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். போதவில்லை என்றால் இன்னும் ஒரு இழை இறுக்குவார். இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இப்போது கடைகளில் ‘பர் கிரைண்டர்’ என்ற பெயரில் விற்கும் காபிக்கொட்டை அரைக்கும் மெஷினைப் பற்றி முக்கால்வாசி விஷயம் ஏற்கெனவே தெரியும்.

பர் என்பது வேறொன்றுமில்லை, பல் வெட்டிய எஃகுத் துண்டு. சிலவற்றில் பீங்கான். இரண்டு துண்டுகளில் ஒன்று அசையாமல் நிற்கும், மற்றொன்று சுழலும். நடுவில் விழுகிற கொட்டை வெளிப்புறம் நோக்கி நகர நகர உடைந்து, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நுழையும் அளவுக்குப் பொடியான பிறகே வெளியே வரும். நம் வீடுகளில் இருந்த திருகையும் இதைத்தான் செய்தது. அடிக்கல் அசையாது, மேல்கல் முளையைச் சுற்றிச் சுழலும், நடுக்குழியில் கைப்பிடி கைப்பிடியாகத் தானியம் போடுவார்கள். கல்லின் முகம் மழுங்கினால் தெருவில் குரல் கொடுத்துப் போகிறவரைக் கூப்பிட்டு உளியால் கொத்தி வாங்குவார்கள். காபி கிரைண்டர் அந்தத் திருகையின் பேரன்.

மிக்ஸி இந்த வம்சமே இல்லை. அது கத்தி. ஜாருக்குள் நிமிடத்துக்கு 18,000, 20,000 சுற்று சுழன்று, எதிரே அகப்பட்டதை வெட்டும். பிளேடுக்குக் கீழே மாட்டிய கொட்டை மாவாகிவிடும், ஓரத்தில் ஒதுங்கிய கொட்டை நொய்யாகவே நிற்கும். ‘இந்த அளவுக்கு அரை’ என்று மிக்ஸியிடம் சொல்ல வழியில்லை, ‘இவ்வளவு நேரம் ஓடு’ என்று மட்டும்தான் சொல்லலாம். வீட்டு பர் கிரைண்டர்கள் பெரும்பாலும் சில நூறு சுற்றிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் சுற்றுக்குள் ஓடுகின்றன. சூடும் குறைவு.

காபி அரைக்கும் கைமெஷினின் கதை பழையது. இன்று கார் தயாரிக்கும் பிரான்ஸின் பெஜோ, 1840-லேயே காபி அரைக்கும் கைமெஷின் செய்து விற்றது. கார் வந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. தமிழ்நாட்டிலும் பழைய வீட்டுப் பரண்களைத் துழாவினால், மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற வார்ப்பிரும்பு மெஷின் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கும். காலையில் கொட்டையை வறுத்து, ஆறவைத்து, அதில் சுற்றி அரைத்த குடும்பங்கள் ஏராளம்.

அரைக்கிற வேலையை மோட்டாரிடம் ஒப்படைத்ததில் கோவைக்கு நிகர் கோவைதான். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, மின்சாரம் மலையிறங்கி வந்தது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள் என்பது கோவையின் தொழில் வரலாற்றில் பெருமையோடு சொல்லப்படுவது. 1955-ல் பி. சபாபதி ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்து வெட் கிரைண்டரை உருவாக்கினார். ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊத்துக்குளியின் கருங்கல் இந்தத் தொழிலின் உயிர். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறிய அளவில் சாக்லேட் செய்கிறவர்கள் பலர் கொக்கோவை அரைக்கக் கோவைக் கல்லைத்தான் வாங்குகிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், காபிக்கொட்டையை மட்டும் ஏன் வீட்டில் அரைக்காமல் விட்டோம்? விடை எளிது. கடைக்காரர் நமக்காக அரைத்தார். கண் முன்னே கொட்டையை அள்ளி, “பீபரி எவ்வளவுங்க, பிளாண்டேஷன் எவ்வளவுங்க, சிக்கரி போடட்டுங்களா?” என்று கேட்டு, பெரிய மெஷினில் கொட்டி, சூடாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அந்த மெஷினுக்குள் இருந்ததும் இரண்டு பல்தட்டுகள்தான். வாரத்துக்கு 200 கிராம் வாங்குகிற வீட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு மாதச் சாமானோடு பாக்கெட் தூள் வர ஆரம்பித்தது. அரைத்துப் பல வாரம் ஆன தூளுக்கு நாக்கு பழகிவிட்டது.

காபித்தூள் கடையைத் தாண்டும்போது தெருவே மணக்கும். அந்த மணத்தை நினைத்து எல்லோரும் சிலாகிப்பதுண்டு. ஆனால் தெருவில் மணக்கிற ஒவ்வொரு நொடியும் தூளுக்குள் இருக்க வேண்டிய மணம் தூளை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. வறுத்த கொட்டை முழுதாக இருக்கும்வரை வாசனை எண்ணெயும் கரியமில வாயுவும் அதன் அறைகளுக்குள் அடைபட்டிருக்கும். பொடித்த உடனே காற்றுப் படும் பரப்பு பல மடங்கு பெருகி, எல்லாம் கிளம்பத் தொடங்கிவிடும். வீட்டில் கிரைண்டர் வைத்துக்கொள்வதற்கு இருக்கிற முதல் காரணம் இதுதான். டிகாஷன் போடுவதற்கு முந்தைய நிமிடத்தில் அரைப்பது.

இரண்டாவது காரணம், தூளின் ஒழுங்கு. கருமத்தம்பட்டி, சோமனூர் தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நூலில் ஏற்ற இறக்கம் இருந்தால் தறி ஓட்டம் கெடும், துணியும் கெடும். தூளும் அப்படித்தான். பில்டரில் வெந்நீர் ஊற்றியதும் மாவாகிப்போன தூளிலிருந்து தேவைக்கு மேல் சாறு இறங்கிக் கசக்கும். நொய்யாக நிற்பதிலிருந்து பாதிகூட இறங்காமல் புளிப்புத் தட்டும். இரண்டும் ஒரே டம்ளரில் கலந்து வருவதுதான் மிக்ஸித் தூள் டிகாஷனின் குறை. மாவு போய்ப் பில்டரின் துளைகளை அடைத்துக்கொள்வது தனிக் கஷ்டம்.

சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு சிட்டிகைகளை அருகருகே வைத்து, விரலால் மெல்லத் தட்டிப் பரப்பிப் பார்க்கலாம். மிக்ஸித் தூளில் புகை போன்ற பவுடர் ஒரு பக்கம், உடைந்த கடுகு அளவுக் கட்டிகள் ஒரு பக்கம், நடுவில் பலவகை. பர் கிரைண்டர் தூளிலும் கொஞ்சம் மாவு இருக்கும், மாவே விழாத மெஷின் கிடையாது. ஆனால் பெரும்பகுதி ஒரே அளவில், நைஸான மணல்போல் சிதறி நிற்கும். அதை விரலில் தேய்த்தால் பொடி ரவையைத் தொடுவது போன்ற நெருநெருப்பு தெரியும். மில்காரரின் கட்டைவிரல் தேடுவது அந்த நெருநெருப்பைத்தான்.

இனி வாங்குகிற விஷயம். கடைக்காரர்கள் கூம்பு பர், தட்டை பர் என்று இரண்டு வகை காட்டுவார்கள். கூம்பு வகையில் குழிந்த வளையத்துக்குள் கூம்பு சுழலும். விலை குறைவு, மெதுவாகவும் ஓடலாம், உள்ளே தூள் தங்குவதும் பொதுவாகக் குறைவு. தட்டை வகையில் இரண்டு வளையங்கள் எதிரெதிரே நிற்கும். தூள் இன்னும் ஒழுங்காக வரும் என்பார்கள், விலையும் கூடும். பால் ஊற்றி, சர்க்கரை போட்டுக் குடிக்கிற பில்டர் காபிக்குக் கூம்பு தாராளமாகப் போதும். தட்டை வகைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, அந்தப் பணத்துக்கு நல்ல கொட்டை வாங்குவது புத்திசாலித்தனம்.

பார்க்க வேண்டியது வேறு. பதம் மாற்றும் படிகள் நெருக்கமாக இருக்கின்றனவா? உலகெங்கும் வீடுகளில் பரவலாக இருக்கும் பராட்ஸா என்கோரில் 40 மில்லிமீட்டர் கூம்பும் 40 படிகளும் உண்டு. பில்டருக்கு அதில் கீழ்ப்பகுதியில் உள்ள சில படிகளே பயன்படும், ஆனால் அந்தச் சில படிகளுக்குள்தான் டிகாஷனின் தலையெழுத்து இருக்கிறது. ஐந்தாறு படிகள் மட்டும் உள்ள மெஷினில் ஒன்று நைஸாகிவிடும், அடுத்தது நொய்யாகிவிடும். இன்னொன்று, பரைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடிகிறதா, மழுங்கினால் மாற்று பர் கிடைக்குமா? கிரைண்டர் பெல்ட்டும் மிக்ஸி கப்ளரும் பக்கத்துக் கடையிலேயே வாங்கிப் பழகிய ஊர் இது. உதிரி பாகம் கிடைக்காத மெஷினை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்கக் கூடாது.

ஒருவர், இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு மின்சார மெஷின் தேவையா என்பதும் நியாயமான கேள்வி. 20 கிராம் கொட்டையைக் கையால் சுற்றும் நல்ல மெஷின் ஒன்றிரண்டு நிமிடத்தில் அரைத்துவிடும். அதே விலை மின்சார மெஷினைவிட அதன் பர் பெரும்பாலும் தரமாக இருக்கும், மோட்டாருக்குப் போகும் காசு பருக்குப் போவதால். காலையில் ஆறு டம்ளர், சாயங்காலம் ஆறு டம்ளர் என்று ஓடுகிற கூட்டுக் குடும்பத்துக்கு மின்சாரம்தான் சரி.

மெஷின் வீட்டுக்கு வந்த முதல் வாரம் பொறுமை வேண்டும். நூலில் நம்பர் கூடக் கூட இழை சன்னம், 40-ஐவிட 60 சன்னம், 60-ஐவிட 80 சன்னம். பெரும்பாலான காபி கிரைண்டர்களில் கணக்கு தலைகீழ். நம்பர் கூடினால் தூள் பெரிசாகும். நடுவிலிருந்து சற்று இறக்கி வைத்து, 20 கிராம் அரைத்து, வழக்கமாகப் போடும் அதே பில்டரில் போட்டு, அதே அளவு வெந்நீர் ஊற்றிக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் சளசளவென இறங்கி, டிகாஷன் வெளிறி நின்றால் பதம் பெரிசு, ஒரு படி இறக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகியும் மேலே தண்ணீர் நிற்கிறது, பில்டரைத் தட்ட வேண்டியிருக்கிறது என்றால் நைஸ் அதிகம், ஒரு படி ஏற்ற வேண்டும். கால் மணியிலிருந்து அரை மணிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்தால் அந்த நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். கொட்டையை மாற்றும்போது மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். நைஸ் பக்கம் திருப்புவதாக இருந்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருப்ப வேண்டும். கொட்டை சிக்கி நிற்கும்போது இறுக்கினால் பல்லுக்கும் மோட்டாருக்கும் கேடு.

சிக்கரிக்கு வருவோம். சிக்கரி கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. எத்தனை சதவீதம் என்பது பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும். 40 சதவீதம் சிக்கரி போட்டுக் குடிக்கிறவர்கள் கிரைண்டருக்குச் செலவழிக்கும் முன் சிக்கரியைப் பாதியாகக் குறைத்துப் பார்ப்பது நல்லது. இல்லையென்றால் புதிதாக அரைத்த கொட்டையின் மணம் அதற்குள் மூழ்கிப்போகும். சிக்கரியைக் கிரைண்டருக்குள் போடவே கூடாது. அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்து பல் இடுக்கில் அப்பிக்கொள்ளும். தூளாகவே தனியாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, கொட்டையை அரைத்த பிறகு கரண்டியால் கலக்க வேண்டும். சிக்கரி நீரில் ஊறித் துளையை நெருக்கும் என்பதால், தனிக் காபிக்கு வைக்கும் பதத்தைவிட ஒரு படி பெரிசாக அரைத்தால் இறக்கம் சீராகும்.

கொட்டையைப் போடும் முன் ஒரு தட்டில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். களத்தில் காயவைத்த கொட்டையோடு சிறு கல் வருவதுண்டு, ஒரு கல் போதும் பல் முனையை உடைக்க. மிளகு, மல்லி, மஞ்சள் எதையும் அதில் அரைக்கக் கூடாது, வாசனை போகவே போகாது. தண்ணீர் விட்டுக் கழுவாமல், வாரம் ஒருமுறை பரைக் கழற்றிக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். கருக வறுத்து எண்ணெய் மினுங்கும் கொட்டை வாங்குகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பல்லில் ஒட்டிய எண்ணெய் சிக்குவாடை அடித்து, அடுத்த டம்ளரில் தெரியும்.

தூள் டப்பாவின் சுவரிலும் மேசையிலும் பறந்து ஒட்டுகிறதே என்ற புகார் எல்லா வீட்டிலும் வரும். அரைபடும்போது உராய்வில் மின்னூட்டம் ஏறுவதால் வரும் தொல்லை அது. கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் கலக்கிவிட்டு அரைத்தால் அடங்கும். காபிப் பிரியர்கள் நெடுநாளாகச் செய்துவந்ததை அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஹெண்டன் குழுவினர் அளந்து பார்த்து, ஈரம் கூடினால் மின்னூட்டம் குறைவதை 2023 டிசம்பரில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சொட்டு என்றால் சொட்டுதான். விரல் நனைத்து உதறினால் போதும்.

கொட்டைக்கு இந்த ஊர்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்தியக் காபியில் தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான் என்றாலும், அது விளையும் இடங்கள் கொங்கைச் சுற்றியே நிற்கின்றன. மேற்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, கருமத்தம்பட்டி வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையில் சேலம் போய் மேலேறினால் ஏற்காடு. கடையில் “அரைக்க வேண்டாங்க, வறுத்த கொட்டையாகவே கொடுங்க” என்று கேட்டு, என்றைக்கு வறுத்தது என்றும் கேட்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் வாங்கி வைத்தால் போதும்.

இன்னொரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனோ மகளோ ஊருக்கு வரும்போது பெட்டியில் கிரைண்டர் வைத்துக் கொண்டுவருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகினால் மோட்டார் முதல் நாளே புகைந்துவிடும். அவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே, மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அதில் 220–240 என்று இருந்தால் வாங்கி வரச் சொல்லலாம். 120 மட்டும் இருந்தால், அதே காசுக்கு இங்கேயே பார்த்து, கையால் திருகிப் பதம் மாற்றிப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

(தொடரும்)