வேலைக்குப் போனால் பாஸ்வேர்டையும் கொடுக்கணுமா?

வேலை கேட்டு வருபவரிடம் ஃபேஸ்புக் பாஸ்வேர்டைக் கேட்பார்களா என்ன? அமெரிக்காவில் கேட்டிருக்கிறார்கள். மொன்டானா மாநிலத்தின் போஸ்மன் நகராட்சி, விண்ணப்பதாரர்களின் பின்னணியை விசாரிக்கும் படிவத்தில் சமூக வலைத்தளப் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதச் சொன்னது. 2009 ஜூனில் செய்தி பரவி எதிர்ப்பு கிளம்பியதும், சில நாட்களிலேயே அதைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு மேரிலாந்து சிறைத்துறையும், விடுப்பு முடிந்து திரும்ப வந்த ஒரு காவலரிடம் இதையே கேட்டது. ரவுடிக் கும்பல்களோடு தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கத்தானாம். அவர் கொடுத்துவிட்டார்.

'மறைக்க ஒன்றுமில்லை என்றால் கொடுத்தால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் என் பதில் இது. பாஸ்வேர்டு என்பது படித்துப் பார்க்க மட்டும் தரும் அனுமதி இல்லை. அது கையில் இருந்தால் நீங்களாகவே மாறிவிடலாம்: எழுதலாம், அழிக்கலாம், செய்தி அனுப்பலாம். உள்ளே வந்தது யார் என்று சர்வருக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், உங்களை நம்பி நண்பர்கள் தனியாக அனுப்பிய செய்திகளும் அங்கேதான் இருக்கின்றன. அவர்கள் யாரும் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கவில்லையே!

'விருப்பம் இருந்தால் கொடுங்கள்' என்று சொன்னாலும், வேலை எதிரில் இருப்பவர் கையில் இருக்கும்போது அதற்குப் பெயர் சம்மதம் இல்லை. அதனால்தான் சட்டம் தேவைப்பட்டது. 2012-இல் மேரிலாந்து முதலில் தடை போட்டது. அதே ஆண்டில் இல்லினாய், கலிஃபோர்னியா மாநிலங்களும் சட்டம் இயற்றின. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டங்கள் பூட்டிய கதவைத்தான் காக்கின்றன. நீங்கள் எல்லோரும் பார்க்கும்படி போட்டதை நிறுவனம் தாராளமாகப் பார்க்கலாம். சிக்கல் இங்கேதான். மதத்தை வைத்து வேலை மறுக்கக் கூடாது என்கிறது அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டம். நேர்காணலில் கேட்கத் தயங்குகிற அந்த விவரம், உங்கள் பக்கத்தில் ஒரு பண்டிகைப் படத்திலேயே தெரிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் ஒதுக்கினார்கள் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? கூப்பிடவே இல்லை என்றால், காரணமும் வெளியே வராது.

அதனால் வேலை தேடுகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். கண்ணில் படுவதெல்லாம் உங்கள் விண்ணப்பத்தோடு சேர்த்து நீங்கள் அனுப்பியதுதான்.