கல்கத்தாவில் பிடிபட்ட காலரா நஞ்சு

1884-ம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் முகாமிட்டிருந்த ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக், காலராவில் இறந்தவர்களின் குடலிலிருந்து வளைந்த சிறு கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். வாந்திபேதிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால், காலையில் நடமாடிக்கொண்டிருந்த ஆளை மாலைக்குள் அது எப்படிச் சாய்க்கிறது? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 75 ஆண்டுகள் ஆயின. கிடைத்த இடமும் அதே கல்கத்தாதான். கண்டுபிடித்தவர் சம்புநாத் டே.

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் 1915-ல் பிறந்தவர் டே. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்தார். லண்டனில் நோயியல் அறிஞர் ராய் கேமரனிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டத்தோடு 1949-ல் ஊர் திரும்பினார். லண்டனில் அவர் செய்த ஆய்வுக்கும் காலராவுக்கும் தொடர்பில்லை. ஆனால், கல்கத்தாவில் காலரா ஓயாத காலம் அது.

முயல் குடலில் சோதனை

கிருமி செத்து உடையும்போது வெளிப்படும் நஞ்சுதான் ஆளைக் கொல்கிறது என்று அதுவரை பலரும் நம்பினார்கள். அதனால் விலங்குகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். விலங்குகள் செத்தன, பேதி மட்டும் வரவில்லை. நோய் குடலில் என்றால் சோதனையும் குடலுக்குள்தான் நடக்க வேண்டும் என்று டே முடிவு செய்தார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, இடையில் உயிருள்ள கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு நீர் கோத்து உப்பியிருந்தது. காலரா நோயாளிக்குக் கழிவதுபோலவே, அரிசி கழுவிய தண்ணீர் போன்ற நீர்! 1953-ல் இந்த முடிவு வெளியானது.

அடுத்து, கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் நீரால் நிறைந்தது. அதாவது, கிருமி உயிரோடு இருக்கும்போதே நஞ்சைச் சுரந்து வெளியே விடுகிறது. 1959 மே மாதம் 'நேச்சர்' இதழில் இரண்டே பக்கங்களில் இதை அறிவித்தார்.

அந்த நஞ்சு குடலைப் புண்ணாக்குவதில்லை. குடல் சுவரைத் தாண்டி உடலுக்குள் பரவுவதுமில்லை. குடல் சுவரின் செல்களில் ஒட்டிக்கொண்டு, உப்பையும் நீரையும் விடாமல் வெளியே கொட்ட வைக்கிறது. கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் இழப்பு ஏற்படலாம். மரணம் வருவது அதனால்தான்.

இதற்கு நடுவே, சாதாரணமாகக் குடலில் வாழும் ஈ-கோலை கிருமியின் சில வகைகளும் முயல் குடலில் இதேபோல் நீர் சேர வைப்பதை 1956-ல் டே காட்டியிருந்தார். அசுத்தமான உணவாலும் நீராலும் வரும் பேதிகளில் பலவற்றைப் புரிந்துகொள்ள அது வழி திறந்தது.

வெளிநாட்டு அறிஞர்கள் அவரைக் கொண்டாடினார்கள். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க், டே-யின் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். 1978-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த நோபல் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. இந்தியாவின் அறிவியல் கழகங்களோ அவரை உறுப்பினராகக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985-ல் அவர் மறைந்தார். ஐந்தாண்டுகள் கழித்து, 'கரன்ட் சயின்ஸ்' இதழ் அவருக்காகச் சிறப்பிதழ் வெளியிட்டது.

ஓ.ஆர்.எஸ். ஏன் பலிக்கிறது?

குடல் சுவர் சேதமாகாமல் இருப்பதில்தான் நோயாளியின் பிழைப்பும் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் குடல் அவற்றை உள்ளிழுக்கும். கூடவே தண்ணீரும் போகும். காலரா நஞ்சு இந்த வழியை அடைப்பதில்லை. 1971-ல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில், டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பு-குளுக்கோஸ் கரைசலை, அதாவது ஓ.ஆர்.எஸ்.ஸை, வாய்வழியே கொடுக்க வைத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த காலரா இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று நிறுத்திவைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. உறிஞ்சும் சக்தி குடலுக்கு இருக்கும்போது அந்தப் பயம் ஆபத்தானது. பேதி தொடங்கியதுமே, பாக்கெட்டில் சொன்ன அளவு சுத்தமான தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்க வேண்டும். பேதி நிற்கும்வரை தொடர வேண்டும். நோயாளி துவண்டு போனாலோ, குடித்தது தங்காவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.