உங்களுக்குத் தெரியுமா? செயின்சாவின் வேகம் அரத்தில் இருக்கிறது

செயின்சா மெதுவாக அறுத்தால் வீட்டுப் பட்டறையில் பலரும் கை வைப்பது சைலன்சரில். பார்க்க வேண்டியதோ சங்கிலியை. 1946-இல் அமெரிக்காவின் ஆரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, வண்டின் புழு ஒன்று தாடைகளை இடமும் வலமுமாக ஓட்டி மரத்தைக் குடைவதைக் கவனித்தார். இன்றைய சங்கிலியில் இடப்பல்லும் வலப்பல்லும் மாறிமாறி வருவது அந்தப் புழு காட்டிய வழி. பல் கூராக இருந்தால் மரம் சீவல் சீவலாக உதிரும். மாவுபோலத் தூள் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள், எஞ்சின்மேல் குற்றமில்லை. உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஒரே கோணத்தில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக நாலைந்து தடவை ராவினாலே அறுப்பு மாறிவிடும்.

சைலன்சர் துளையைப் பெரிதாக்கினால் சக்தி கூடத்தானே செய்கிறது என்பார்கள். கூடும், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சின் அப்போது கூடுதல் காற்றை இழுக்கும். கார்புரேட்டரில் பெட்ரோலையும் அதற்கேற்பக் கூட்டியாக வேண்டும். இந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்குத் தனி ஆயில் கிடையாது. பெரும்பாலும் 50 பங்கு பெட்ரோலில் 1 பங்காகக் கலந்த ஆயில்தான் அதைக் காக்கிறது. காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் போதாது, சூடும் ஏறும், வழவழப்பான பிஸ்டனில் நீளவாக்கில் கீறல் விழும்.