தோல் பதனிடும் ஊர்களில் ஒரு கணக்குப் பாடம்

சூழலியலையும் பொருளாதாரத்தையும் ஒருங்கே பயிலும் கல்லூரி மாணவர்கள் அயல்நாட்டுப் பிரயாணம் மேற்கொண்டு, ஆறும் ஆலையும் அருகருகே அமைந்த ஊர்களை நேரில் கண்டு கற்பது வழக்கம். அவ்வாறு காணத்தக்க ஊர்களுள் ஒன்று இத்தாலி தேசத்தில் ஆர்னோ ஆற்றங்கரையிலுள்ள சான்டா குரோச்சே. அவ்வூரில் தோல் பதனிடுவோர் ஒன்றுகூடிக் கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பொது நிலையமும், எஞ்சிய குரோமியத்தை மீட்கத் தனி நிலையமும் நடத்தி வருகின்றனர். நம் மாணவர் அதனைக் கண்டு வியப்பதில் தவறில்லை. எனினும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் நிலைமையை முன்னரே அறிந்து செல்லாதவர்க்கு அப்பிரயாணத்தில் கிடைப்பது பாதிப் பயனே.

ஆர்னோவில் நீர் ஓடுகிறது. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாறு. அதன் நீர் மணலுக்கு அடியில் உள்ளது. ஊற்றுக்கால்களும் கிணறுகளும் அதனையே நம்பியிருப்பவை. ஆதலின் இங்கே ஆற்றில் விடும் கழிவு கடலுக்குப் போவதில்லை. அடுத்த கிராமத்துக் கிணற்றுக்குப் போகிறது. இந்த ஒரு வேற்றுமையை மறந்து அயல்நாட்டு முறையை அப்படியே கொணர்வது பயன் தராது.

முற்காலத்தில் இவ்வட்டாரத்தார் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டனர். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைச் சர்க்கார் கட்டுப்படுத்தவே, முழுதும் பதனிட்ட தோலும் செருப்பும் செய்யும் தொழில் வளர்ந்து, குரோமிய முறையும் பெருகியது. குடியானவர் பலர் குரோமியத்தையே பெரும் பகையெனக் கருதுகின்றனர். அது தீங்கற்றதன்று, ஆயினும் அதன் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டித் தங்கிவிடுகிறது. நீரோடு கூடவே நெடுந்தூரம் செல்வது உப்பு. தோல் கெடாதிருக்க இடும் சாதாரண உப்பில் பெரும்பங்கு, முதலில் ஊறவைக்கும் நீரிலேயே கரைந்து வெளியேறுகிறது. ஊறவைக்குமுன் தோலை உதறி உப்பை அகற்றினாலே சுமை கணிசமாகக் குறையும் என்பது தோல் ஆராய்ச்சியாளர் நெடுநாளாகக் கூறிவரும் எளிய யோசனை.

அந்த உப்பின் அளவை விவசாயி தாமே கணக்கிடலாம். வெளிவிடும் கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை கரைபொருள் இருக்கலாம் என்பது விதிக்கப்பட்ட வரம்பு. லிட்டருக்கு 2 கிராம் என்றே கொள்வோம். ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குல உயரம் நீர் பாய்ச்ச ஏறத்தாழ 1,02,800 லிட்டர் வேண்டும். ஆகவே ஒவ்வோர் அங்குலப் பாய்ச்சலிலும் நிலத்தில் சேரும் உப்பு 200 கிலோவுக்கு மேல். நெற்பயிர் ஒன்றுக்கு 40 அங்குலம் என்றால் 8 டன். இவ்வளவும் வரம்பை மீறாத நீரினால் வருவது! மழை பெய்து அதில் ஒரு பகுதி கீழே இறங்கினாலும், இறங்குமிடம் அதே கிணறுதான். சோடியம் மிகுந்த மண் இறுகிப்போவதும், அதற்கு ஜிப்சம் இடுவதும், அதற்காகும் செலவும் தனிக் கணக்கு.

இந்தச் செலவு செருப்பின் விலையில் சேர்க்கப்படாமல் நிலத்துக்காரர் தலையில் விழுவதைத்தான் பொருளாதார சாஸ்திரிகள் புறச்செலவு என்கின்றனர். பிகூ என்னும் ஆங்கிலேய அறிஞர் 1920இல் இதனை விரிவாக ஆராய்ந்தார். மாசு செய்தவரே அதன் செலவையும் ஏற்கவேண்டும் என்ற கொள்கை 1972இல் உலக அரங்கில் ஏற்கப்பட்டது. அதனை இவ்வட்டாரத்துக்கே பொருத்தி, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதென்ற ஆய்வும் அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது.

பின்னர் சூழல் இழப்பு ஆணையம் 29,193 பேருக்கு ரூ. 26.82 கோடி இழப்பீடு நிர்ணயித்தது. தொகை பெரிதாகத் தோன்றும். மாணவர் இங்கே வகுத்தல் செய்து பார்க்கவேண்டும். சராசரி ஒருவருக்கு ரூ. 9,200க்கும் குறைவு. அது 1991 ஆகஸ்டு முதல் 1998 டிசம்பர் வரையுள்ள காலத்துக்கு. அதாவது ஆண்டொன்றுக்கு ரூ. 1,250கூட இல்லை. கெட்ட கிணறு 1998உடன் நல்ல கிணறாகிவிடவில்லை.

தொழிலின் பக்கத்தையும் மறைப்பது நியாயமன்று. நிலமற்ற குடும்பங்கள் பலவற்றுக்கு, பெண்களுக்கும், தோல் ஆலையும் செருப்புச் சாலையும் கூலி தருகின்றன. கழிவுநீரைத் துளியும் வெளிவிடாது, சவ்வு வழியே வடித்து, எஞ்சியதை ஆவியாக்கும் நிலையங்களையும் ஆலையினர் கூட்டாக நிறுவினர். ஆயினும் ஆவியாக்க மின்சாரச் செலவு மிகுதி. கடைசியில் எஞ்சும் கலப்பு உப்பை வைப்பதற்கும் இடம் தேடவேண்டியிருக்கிறது.

மாணவர் கூட்டம் கிராமத்துக்கு வருமானால், உள்நாட்டாராயினும் அயல்நாட்டாராயினும், கிராம உத்தியோகஸ்தரிடம் முதலில் கேட்பது அடங்கலும் சர்வே எண்ணும்தான். எந்த ஆண்டு எந்தப் புலம் தரிசாயிற்று, நெல் போய்த் தென்னை வந்தது எப்போது என்பதெல்லாம் அதில் சரியாக ஏறியிருத்தல் அவசியம். நிலத்துக்காரரும் கோடையிலொரு முறை, மழைக்குப்பின் ஒரு முறை கிணற்று நீரைப் பரிசோதித்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக வைத்திருக்கவேண்டும். நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸுக்கு மேற்பட்டால் பாசனத்துக்குக் கடுமையான தடையுள்ள நீர் என்பது உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் அளவுகோல்.

2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மீண்டும் இவ்விஷயத்தை எடுத்து, இழப்பீடு பெறாதவர்க்கு ஆறு வாரங்களுக்குள் கொடுக்கவும், அத்தொகையை மாசு செய்தவரிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. 2019இல் ஜில்லா மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரைச் சேர்ந்தவை. ஆதலின் பழைய வேலூர் ஜில்லாவின் பெயரில் உள்ள தீர்வு நகல்களையும் புல எண்களையும் இப்போதைய தாலுகாக் கணக்கோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்வது உரிமையுடையோர்க்கு உடனடி வேலை.