அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் யூத மாணவர்

தால்முத் என்னும் யூதர் பெருநூலில் ஏழை மாணவன் ஒருவனைப் பற்றிய கதை உண்டு. ஹில்லெல் என்பது அவன் பெயர். நாள் முழுதும் உழைத்துப் பெறும் கூலியில் பாதியைக் கல்விக் கூடத்தின் வாயிற்காவலனிடம் கட்டணமாகக் கொடுத்து உள்ளே நுழைவான். மறு பாதி அவன் குடும்பத்திற்கு. ஒரு நாள் கூலி வேலை கிடைக்கவில்லை. காவலன் அவனை உள்ளே விடவில்லை. ஹில்லெல் கூரை மீது ஏறி, வெளிச்சத்திற்காக விடப்பட்டிருந்த திறப்பின் மேல் படுத்து ஆசிரியர் உரையைக் கேட்டுக் கொண்டிருந்தான். அது குளிர் காலம். இரவில் பனி பெய்து அவனை மூடிவிட்டது. விடிந்த பின்னும் கூடம் இருண்டு கிடப்பதைக் கண்டு மேலே நோக்கிய ஆசிரியர்கள், மனித உருவம் ஒன்று திறப்பை மறைத்திருக்கக் கண்டனர். அன்று ஓய்வு நாள். வேலை எதுவும் செய்யலாகாது. எனினும், இவன் பொருட்டு ஓய்வு நாளின் விதியை மீறலாம் என்று சொல்லி, அவனைக் கீழே இறக்கி நீராட்டி, எண்ணெய் பூசி, நெருப்பின் எதிரே அமர்த்தினர்.

இந்த ஹில்லெலே பிற்காலத்தில் யெருசலேமின் பேரறிஞராக விளங்கியவர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவருடைய பெயரைத்தான் அமெரிக்காவில் நூற்றுக் கணக்கான பல்கலைக் கழகங்களிலும் கல்லூரிகளிலும் உள்ள யூத மாணவர் மன்றங்கள் தாங்கி நிற்கின்றன.

இத்தகைய மன்றம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். பல்கலைக் கழகம் மாணவனைத் தனி ஆளாகச் சேர்த்துக் கொள்கிறது. ஆனால் யூத சமயமோ தனி ஆளாக நின்று நடத்தக் கூடியதன்று. கூட்டு வழிபாட்டிற்கு வயது வந்த பதின்மர் வேண்டும். மரபு வழி நிற்போர் ஆடவரை மட்டுமே எண்ணுவர். மற்றப் பிரிவினர் பலர் பெண்களையும் சேர்த்து எண்ணுகின்றனர். எப்படி எண்ணினாலும் ஒன்பது பேர் போதாது. சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் 1878இல் எழுப்பப்பட்ட யூதர் ஆலயத்தைக் கடந்து செல்பவர்கள், ஒரு சிறு சமூகம் ஏன் முதற்கண் ஆலயம் எழுப்ப விரைகிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

அடுத்தது உணவு. பன்றியும் சிப்பி, இறால் முதலியனவும் விலக்கு. இறைச்சியும் பாலும் ஒரே உணவில் சேரலாகாது. இரண்டிற்கும் பாத்திரங்களே தனித் தனி. இவ்விதிகளுக்கு உட்பட்ட உணவைக் கோஷர் என்பர். விடுதி அறையில் ஒரு மாணவன் இரண்டு சமையற்கட்டுகளை எங்ஙனம் நடத்துவான்? மூன்றாவது நாட்காட்டி. வெள்ளி அந்தி முதல் சனி இருட்டும் வரை ஓய்வு நாள். அந்நேரத்தில் எழுதுவதும் விலக்கு. சனிக்கிழமை தேர்வு வைத்தால், விதி வழுவாத மாணவன் சமயத்தையும் தேர்வையும் எடைபோட வேண்டியவனாகிறான். இக்குறைகளைத் தனியொருவன் சொன்னால் சலுகை கேட்பதாகத் தோன்றும். பலர் சேர்ந்து சொன்னால்தான் நிர்வாகத்தின் காதில் ஏறும்.

நியூயார்க் நகரத்தில் இத்தொல்லை அவ்வளவாக இல்லை. கட்டணமின்றிக் கல்வி அளித்த சிட்டி காலேஜில் 1930ஆம் ஆண்டுகளில் பெரும்பாலோர் யூத மாணவர்களே. காலையில் ரயிலேறி வந்து, மாலையில் தாய் சமைத்த உணவுக்கு வீடு திரும்புவர். அங்கே அவர்கள் கூடிய இடம் உணவுச் சாலையின் ஒதுக்கிடங்கள்: ஓர் ஒதுக்கிடத்தில் ஸ்டாலினை ஆதரிப்போர், மற்றொன்றில் அவரை எதிர்ப்போர். சமயம் பற்றி அவர்கள் சண்டையிட்டதாகத் தெரியவில்லை. அதற்கு நேரமும் இருந்திராது!

சோள வயல்களின் நடுவே அமைந்த இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தின் நிலை வேறு. வீடு தொலைவில் இருந்தது. அங்கு ஆங்கில இலக்கியம் கற்பித்த எட்வர்ட் சான்ஸி பால்ட்வின் என்ற பேராசிரியர், தம்மிடம் விவிலிய இலக்கியம் பயின்ற யூத மாணவர்கள் தங்கள் முன்னோரின் நூல்களையே அறியாதிருப்பதைக் கண்டு வருந்தினார். அவர் கிறிஸ்தவர் என்பது குறிப்பிடத் தக்கது. சிகாகோவிலிருந்த யூத குருமாரிடம் இதை வற்புறுத்திச் சொன்னார். அதன் பயனாக 1923இல் பெஞ்சமின் பிராங்கெல் என்ற இளம் குரு அங்கே முதல் ஹில்லெல் மன்றத்தை நிறுவினார். பினாய் பிரித் என்னும் யூதர் சங்கம் விரைவில் அதன் செலவை ஏற்றுக் கொள்ள, மன்றம் மற்றப் பல்கலைக் கழகங்களுக்கும் பரவியது. பிராங்கெல் 1927இலேயே காலமானார். அவ்விடத்தில் அமர்ந்தவர் வரலாற்று ஆசிரியர் ஏப்ராம் சாகர்.

இதற்கு முன்பும் சங்கங்கள் இல்லாமலில்லை. 1906இல் ஹார்வர்டில் தோன்றிய மெனோரா சங்கம் யூதர் வரலாற்றையும் பண்பாட்டையும் ஆராய்ந்தது. நல்ல சங்கம்தான், ஆயினும் பசித்தவனுக்கு அங்கே உணவு இல்லை. மற்ற மாணவர் சகோதரக் கழகங்கள் யூதரைச் சேர்க்க மறுத்ததால், அவர்கள் தமக்கெனக் கழகங்கள் அமைத்துக் கொண்டதும் உண்டு. ஹில்லெல் மன்றமோ படிப்பு, வழிபாடு, உணவு, நட்பு ஆகிய யாவற்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்தது.

மன்றம் பிறந்த அதே வேளையில் ஹார்வர்டின் வாயிலில் காவல் கடுமையாகிக் கொண்டிருந்தது. 1922இல் அங்கே ஐந்தில் ஒருவர் யூத மாணவர். இதனைக் கண்டு கலங்கிய பல்கலைக் கழகத் தலைவர் லோவெல், யூதருக்கு உச்ச வரம்பு விதிக்க வேண்டும் என்றார். யூதர் தொகை பெருகப் பெருக அவர்கள் மீது வெறுப்பும் பெருகுமாம். ஆகவே தொகையைக் குறைப்பது யூதருக்கே நன்மையாம்! நோயாளியை வெளியேற்றி நோயைத் தீர்க்கும் வைத்தியம் இது. ஆசிரியர் குழு 1923இல் வெளிப்படையான வரம்பை நிராகரித்தது. ஆனால் 1926 முதல், மதிப்பெண்ணோடு ‘குணநலன்’ என்பதையும் எடைபோடும் புது முறை வந்தது. குணத்திற்கு அளவுகோல் ஏது? யூத மாணவர் தொகை கணிசமாகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே இத்தகைய தடைகள் மெல்ல மெல்ல விலகின.

மன்றத்தின் உயிர்நாடி வெள்ளிக்கிழமை மாலைதான். அந்திக்கு முன் விளக்கேற்றுவர். மரபு வழியினர் ஓர் அறையிலும், சீர்திருத்தப் பிரிவினர் இன்னோர் அறையிலும், இடை வழியினர் வேறோர் அறையிலுமாகத் தத்தம் முறைப்படி வழிபடுவர். பிறகு எல்லோரும் ஒரே மேசைக்கு வருவர். திராட்சை மதுவுக்கும் பின்னல் ரொட்டிக்கும் வாழ்த்துச் சொல்லி உண்பர். வழிபாட்டில் பிரிந்தவர்கள் உணவில் கூடுவதற்குக் காரணம் சமையலறையின் விதி: விதிகளை மிகக் கண்டிப்பாகக் கைக்கொள்பவன் எதை உண்பானோ அதையே எல்லோருக்கும் சமைக்கின்றனர். விதி பாராதவன் அதை உண்ணத் தடையில்லை; விதி காப்பவன் பட்டினி கிடக்கவும் வேண்டியதில்லை. சமய நம்பிக்கையே இல்லாத மாணவர்களும் இந்த விருந்துக்கு வருவதுண்டு.

சாகர் 1948இல் யூதர் முயற்சியால் தோன்றிய பிராண்டைஸ் பல்கலைக் கழகத்தின் முதல் தலைவரானார். எல்லாச் சமயத்தாருக்கும் திறந்த அவ்விடத்தில், 1955இல் யூதர், கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டினர் ஆகியோருக்கு மூன்று சிற்றாலயங்கள் எழுந்தன. ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழாதவாறு அவை ஒரு குளத்தைச் சுற்றி அமைக்கப்பட்டன. அவற்றை வடிவமைத்த மாக்ஸ் அப்ரமோவிட்ஸ் இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தின் பழைய மாணவர்.

மேசை ஒன்றாயினும் கருத்து ஒன்றல்ல. இஸ்ரேல் அரசைக் கண்டிப்போரை மன்றத்தில் பேச அனுமதிக்கலாமா என்பது இன்றைய பெருஞ்சிக்கல். தலைமை அமைப்பு இதற்கு வரம்புகள் வகுத்தது. ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர்கள் 2013இல் அவ்வரம்புகளை ஏற்க மறுத்து, 2015இல் ஹில்லெல் என்ற பெயரையே துறந்தனர். இத்தனைக்கும் ஹில்லெல் வழியினரும் ஷம்மாய் வழியினரும் இட்ட வாதங்களைத் தோற்றவர் கூற்றோடும் சேர்த்தே யூதர் நூல்கள் காத்து வைத்திருக்கின்றன. 2023 அக்டோபரில் மூண்ட காஸாப் போருக்குப் பின் இப்பிளவு இன்னும் ஆழமாயிற்று. 2024 ஏப்ரலில், கொலம்பியா பல்கலைக் கழகப் புல்வெளியில் போர் எதிர்ப்பாளர் அமைத்த கூடாரங்களின் நடுவே, யூத மாணவர் சிலர் பஸ்கா விருந்து நடத்தினர். அதே வளாகத்தில் இருக்க அஞ்சி வீடு சென்ற யூத மாணவர்களும் அந்த வாரம் பஸ்கா விருந்துக்கு அமர்ந்தனர்.