செல்லுக்குள் ‘சார்ஜ்’ எவ்வளவு இருக்கு?

நம் செல்களை இயக்குவது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு. அது எவ்வளவு இருக்குன்னு பார்க்க, வழக்கமாக செல்லை உடைத்து, மின்மினிப்பூச்சியின் லூசிஃபெரேஸ் நொதியைச் சேர்த்து, வரும் வெளிச்சத்தை அளப்பார்கள். கணக்கு கிடைக்கும், ஆனால் செல் செத்துவிடும்.

இதற்குத் தீர்வாக 2009-ல் ஜப்பானின் ஹிரோமி இமாமுரா, ஹிரோயுகி நோஜி குழுவினர் ‘ஏடீம்’ என்ற ஒளிரும் உணரியை வெளியிட்டனர். நடுவில் பாக்டீரியா புரதத் துண்டு. இரு முனைகளிலும் நீலமாகவும் மஞ்சளாகவும் ஒளிரும் புரதங்கள். ஏடிபி ஒட்டினால் துண்டு மடங்கும், முனைகள் நெருங்கும், நீலத்தின் ஆற்றல் மஞ்சளுக்குத் தாவும். மஞ்சள் கூடினால் ஏடிபி அதிகம்னு அர்த்தம். செல்லும் உயிரோடவே இருக்கும்.

உயிருள்ள ஹீலா செல்களில் தெரிந்தது ஓர் ஆச்சரியம்: ஏடிபி தயாராகும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளே, வெளியே உள்ள சைட்டோபிளாசத்தைவிட ஏடிபி குறைவு. உடைத்துக் கலக்கிவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.