பொல்லடிக் கலைஞரின் முழங்கால்

மருதமுனையில் பகற்பொழுதின் ஓசை தறியோசை. கலியாண ஊர்வலம் புறப்படும் வேளையிலோ கழியோடு கழி மோதும் வேறோர் ஓசை எழும். கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்கள் பேணிவந்த பொல்லடி அது. களிகம்பு என்றும் அதற்குப் பெயருண்டு. அண்ணாவியார் பாட, ஏனையோர் வட்டமிட்டு, குனிந்தும் நிமிர்ந்தும், குந்தியும் துள்ளியும், எதிர்வருவோரின் கழியில் தட்டிச் செல்வர். தாளம் விரைய விரைய, முழங்காலும் இடுப்பும் படும் பாடு பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

நாள் முழுதும் தறியில் முதுகு வளைந்திருந்த ஒருவர் அப்படியே எழுந்துவந்து ஆடத் தொடங்கினால், இறுகிய இடுப்பு வளைய மறுக்கும். அந்தக் குறையை முழங்கால் சுமக்கும். சில ஆண்டுகளில் அவர் ஆட்டத்தை விட்டு ஓரமாக அமர்ந்துவிடுவார். வயதாகிவிட்டது என்று ஊர் சொல்லும். பல வேளைகளில் குற்றம் வயதினுடையதன்று, பழக்கத்தினுடையது.

இதனைத் தம் உடலிலேயே ஆராய்ந்து கண்டவர், 1869 ஆம் ஆண்டில் தஸ்மேனியாவிற் பிறந்த பிரெட்ரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர். மேடையில் நாடகப் பகுதிகளை முழங்கி வாழ்ந்த அவருக்குக் குரல் கம்மிற்று. ஓய்வெடுக்கும்படி வைத்தியர் கூறினார். ஓய்வில் மீண்ட குரல், மேடையேறியதும் மறுபடியும் போயிற்று. அப்படியாயின் பேசும்போது தாம் செய்யும் ஏதோவொன்றே காரணமாதல் வேண்டுமென எண்ணி, நிலைக்கண்ணாடிகளின் முன் நின்று பேசிப் பார்த்தார். தலை பின்னுக்குச் சாய்வதையும், குரல்வளை அழுந்துவதையும், வாயால் மூச்சை இழுப்பதையும் கண்டார். கண்ணாடி முன் நிற்கும் நடிகரை நகைப்பவர்கள் இதனை நினைத்துக்கொள்ளலாம்! அப்பழக்கத்தை மாற்ற அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. 1904 இல் இலண்டன் சென்று, தாம் கண்ட முறையை நடிகர்களுக்கும் பிறருக்கும் போதித்தார்.

அயல்நாடாகிய இந்தியாவிலும் இத்தகைய கதையொன்று உண்டு. வயலின் மேதை யெஹுதி மெனுஹின், 1952 இல் இந்தியாவுக்கு வந்தபோது உடல் இறுக்கத்தாலும் களைப்பாலும் வருந்தினார். பம்பாயில் அவரைச் சந்தித்த பி. கே. எஸ். ஐயங்கார் யோகாசனம் பயிற்றினார். ஐயங்கார் வயலின் வித்துவான் அல்லர். ஆயினும், 1954 இல் மெனுஹின் அவருக்கு வழங்கிய கைக்கடிகாரத்தில், தமது மிகச் சிறந்த வயலின் ஆசிரியர் என்றே அவரைக் குறித்துப் பொறிப்பித்திருந்தார். வில்லை இழுக்கும் விரல்களுக்குப் பின்னால் தோளும் முதுகும் உழைக்கின்றன அல்லவா?

இவ்வகைச் சிகிச்சையில் வல்லவர், நோகும் இடத்தைத் தடவிவிட்டு அனுப்புவதில்லை. ஆடிக் காட்டச் சொல்வார். குந்தும்போது முழங்கால் பாதவிரல்கள் நோக்கும் திசையிற் செல்கின்றதா, உள்நோக்கிச் சரிகின்றதா? துள்ளி இறங்குகையில் மூட்டுகள் மடங்கி அதிர்ச்சியை வாங்குகின்றனவா? மூச்சு அடைபடுகின்றதா? பின்னர் அதே அசைவைப் பாட்டும் தாளமுமின்றி மிக மெதுவாகச் செய்விப்பார். வேகத்தில் மறைந்திருக்கும் பிழை மெதுவில் வெளிப்படும். தரையையும் கவனிப்பார், மணல் முற்றத்திற் பழகிய கால், சீமெந்துத் தரையில் கூடுதலான அதிர்ச்சியைத் தாங்கவேண்டியிருக்கும்.

மூட்டு வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, கால் மரத்துப்போனாலோ முதலில் வைத்தியரிடமே காட்டவேண்டும். ஊர்வலத்திற்கு முன் கால்மணி நேரம் நடந்து உடலைச் சூடேற்றுவதும், இளையோருக்குக் கழியில்லாமலே கால் வைப்பைப் பழக்குவதும் அண்ணாவியாரின் கையிலுள்ள காரியங்கள். முழங்கால் நொந்து ஒதுங்கிய மூத்த ஆட்டக்காரரும், குந்தாது நின்றபடி ஆடும் அடிகளில் தொடங்கி, மெல்ல மெல்ல வட்டத்துக்குத் திரும்பலாம்.